அந்நியப் படை எந்த உரிமையில் தங்குகிறது?

கேள்வி: நான் அரசியல் அறிவியல் முதுகலை மாணவி. அந்நியப் படைகள் ஒரு நாட்டில் நிலைகொள்வதற்குச் சட்ட அடிப்படை எது என்று எங்கள் வகுப்பில் விவாதம் நடந்தது. படைநிலை உடன்படிக்கை இருந்தால் போதும் என்றார் ஒருவர். ஐ.நா. தீர்மானம் இல்லாமல் எந்தப் படையும் தங்க முடியாது என்றார் இன்னொருவர். படைத்தளம் குத்தகை நிலம் போன்றது, குத்தகைக் காலம் முடியும்வரை யாராலும் வெளியேற்ற முடியாது என்றார் மூன்றாமவர். இவற்றில் எது சரி? ஆட்சி மாறினால் பழைய அனுமதி செல்லுமா? போகச் சொன்னால் உடனே போயாக வேண்டுமா? அங்கே ஒரு படைவீரர் குற்றம் செய்தால் அவரை எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

உங்கள் வகுப்பில் எழுந்த மூன்று கருத்துகளிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றுமே அடித்தளத்தை விட்டுவிட்டு, அதன்மேல் எழுந்த ஏதோ ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்நியப் படை ஒரு நாட்டில் அமைதிக் காலத்தில் தங்கியிருப்பதற்கு அடிப்படை அந்த நாட்டின் சம்மதம்தான். உடன்படிக்கை, குத்தகைப் பத்திரம், அமைச்சர்கள் பரிமாறிக்கொள்ளும் கடிதங்கள் ஆகியவையெல்லாம் அந்தச் சம்மதம் எழுத்தில் பதியும் வடிவங்களே. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் உங்களுடைய மற்றக் கேள்விகளுக்கும் வழி திறந்துவிடும்.

ஒவ்வோர் அரசுக்கும் தன் மண்ணில் படைபலத்தை வைத்திருக்கும் உரிமை தனக்கு மட்டுமே உரியது என்பது இறையாண்மையின் உட்கரு. ஐ.நா. சாசனத்தின் 2ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, ஒரு நாட்டின் ஆட்சிப்பரப்புக்கோ அரசியல் சுதந்திரத்துக்கோ எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்துவதையும், பயன்படுத்தப்போவதாக அச்சுறுத்துவதையும் தடை செய்கிறது. ஆகவே இன்னொரு நாட்டின் எல்லைக்குள் சீருடையுடன் நிற்கும் ஒவ்வொரு படைப்பிரிவும் தான் அங்கே நிற்பதற்குக் காரணம் காட்டக் கடமைப்பட்டது. அப்படிக் காட்டக்கூடிய காரணங்கள் மிகச் சில. இடமளிக்கும் நாட்டின் சம்மதம் ஒன்று. சாசனத்தின் 7ஆம் அத்தியாயத்தின்கீழ் பாதுகாப்புச் சபை வழங்கும் அதிகாரம் மற்றொன்று. 51ஆம் பிரிவு அங்கீகரிக்கும் தற்காப்புரிமை, தாக்குதலைத் தடுப்பதற்கு அவசியமான அளவுக்கு எல்லை தாண்ட இடம் தரலாம். ஆண்டுக்கணக்கில் தங்குவதற்கு அது உரிமைப் பத்திரம் ஆகாது. போரில் கைப்பற்றிய நிலப்பரப்பில் ஒரு படை ஆட்சி நடத்தும் நிலையும் உண்டு. 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளும் 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையும் அந்த நிலையை ஒழுங்குபடுத்துகின்றன. ஒழுங்குபடுத்துவதால் அவை அந்தப் படைக்கு அங்கே இருக்கும் உரிமையை வழங்கிவிட்டதாகப் பொருள் கொள்ளக்கூடாது. அங்கே இருக்கும் வரையில் குடிமக்களை எப்படி நடத்த வேண்டும் என்பதை மட்டுமே அவை சொல்கின்றன.

இனி உங்கள் முதல் நண்பரின் கருத்துக்கு வருகிறேன். படைநிலை உடன்படிக்கை, படை ஏன் வந்தது, எவ்வளவு காலம் இருக்கும் என்பதைப் பெரும்பாலும் பேசுவதே இல்லை. வந்த படைவீரர்களின் சட்ட நிலை என்ன, அவர்களை விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு, அவர்கள் கொண்டுவரும் பொருள்களுக்குச் சுங்க வரி உண்டா, கடவுச்சீட்டு வேண்டுமா, வாகன உரிமம் செல்லுமா, அவர்களால் நேரும் சேதத்துக்கு யார் பணம் தருவது என்பனவே அதன் உள்ளடக்கம். நேட்டோ நாடுகள் 1951 ஜூன் 19 அன்று லண்டனில் கையெழுத்திட்ட படைநிலை உடன்படிக்கை இவ்வகை ஆவணங்களுக்கெல்லாம் முன்மாதிரி. அதன் முகவுரையிலேயே, படைகளை அனுப்பும் முடிவும் அனுப்புவதற்கான நிபந்தனைகளும் சம்பந்தப்பட்ட நாடுகளுக்கிடையிலான தனி ஏற்பாடுகளுக்கு உரியவை என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

ஜப்பானை எடுத்துக்கொண்டால் இந்தப் பிரிவினை இன்னும் துலக்கமாகத் தெரியும். 1960 ஜனவரி 19 அன்று அமெரிக்காவும் ஜப்பானும் ஒரே நாளில் இரண்டு ஆவணங்களில் கையெழுத்திட்டன. பாதுகாப்பு ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு, ஜப்பானில் உள்ள இடங்களையும் வசதிகளையும் அமெரிக்கப் படைகள் பயன்படுத்த அனுமதி தருகிறது. அந்தப் படைகளின் நிலையை வகுக்கும் உடன்படிக்கை தனியானது. தென் கொரியாவில் இரண்டுக்கும் இடையே ஆண்டுகளே கடந்தன. 1953 அக்டோபர் 1 அன்று கையெழுத்தான பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் அமெரிக்கப் படைகள் அங்கே தங்குவதற்கான உரிமையை அளித்தது. முழுமையான படைநிலை உடன்படிக்கையோ 1966இல்தான் கையெழுத்தானது. இடைப்பட்ட காலத்தில் படைவீரர்கள்மீதான விசாரணை அதிகாரம் போர்க்காலத்தில் எழுதப்பட்ட ஒரு குறுகிய ஏற்பாட்டின்படி நடந்துவந்தது. தங்கும் உரிமை ஒரு கேள்வி, தங்கியிருப்பவரின் சட்ட நிலை வேறொரு கேள்வி என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை.

படைகள் இருந்த இடத்தில் இருக்க, அவற்றின் சட்ட அடிப்படை மட்டும் மாறிக்கொண்டே போவதும் உண்டு. மேற்கு ஜெர்மனியில் 1955 மே 5 வரை அமெரிக்க, பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் தோற்ற நாட்டைக் கைப்பற்றிய வெற்றியாளர்களாக நின்றன. அதையொட்டி, 1954 அக்டோபரில் கையெழுத்தான அந்நியப் படைகளின் இருப்பு பற்றிய உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, அவை சம்மதத்தின் பேரில் தங்கும் நேச நாட்டுப் படைகளாயின. பாசறைகள் மாறவில்லை. படைகள் நின்ற உரிமை மாறியது; அதனால் ஜெர்மன் அரசு கேட்கக்கூடிய கேள்விகளும் மாறின.

இந்த மாற்றங்கள் அனைத்தையும் பதினோரு ஆண்டுகளுக்குள் காட்டிய நாடு ஈராக் என்பதால், அதை மட்டும் சற்று விரிவாகப் படிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 2003இல் அமெரிக்காவும் பிரிட்டனும் தொடுத்த போர் சட்டபூர்வமானதா என்பது தனி விவாதம். சாசனத்துக்கு முரணானது என்பதே சட்ட அறிஞர்கள் பலரின் முடிவு, என் முடிவும் அதுவே. போருக்குப் பின் 2003 மே 22 அன்று நிறைவேறிய 1483ஆம் எண் தீர்மானத்தில், அவ்விரு நாடுகளையும் ஈராக்கைக் கைப்பற்றி ஆளும் சக்திகளாகப் பாதுகாப்புச் சபை குறிப்பிட்டு, அந்த நிலைக்குரிய கடமைகளை நினைவூட்டியது. அந்தத் தீர்மானம் போருக்கு முன்தேதியிட்ட ஒப்புதலைத் தந்துவிடவில்லை. 2004 ஜூன் மாதத்தில் நிறைவேறிய 1546ஆம் எண் தீர்மானம், அம்மாத இறுதிக்குள் அந்த ஆட்சி முடிவுக்கு வரும் என்றும், அதன்பின் பன்னாட்டுப் படை புதிய ஈராக்கிய அரசின் வேண்டுகோளின் பேரில் தங்கியிருக்கும் என்றும் கூறி, அப்படைக்கு அதிகாரம் வழங்கியது. ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்ட அந்த அதிகாரம் 2008 இறுதியில் காலாவதியாக இருந்த நிலையில், 2008 நவம்பர் 17 அன்று அமெரிக்காவும் ஈராக்கும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பத்து நாள்களுக்குப் பின் ஈராக் நாடாளுமன்றம் அதை ஏற்றது. அமெரிக்கப் படைகள் அனைத்தும் 2011 டிசம்பர் 31க்குள் வெளியேற வேண்டும் என்று அதன் 24ஆம் பிரிவு விதித்தது.

2011இல் ஒரு சிறு படைப்பிரிவையாவது தொடர்ந்து வைத்திருப்பது பற்றிப் பேச்சுவார்த்தை நடந்தது. படைவீரர்களுக்கு ஈராக்கிய நீதிமன்றங்களிலிருந்து விலக்குரிமை வேண்டும், அதை நாடாளுமன்றமே வழங்க வேண்டும் என்று அமெரிக்கா வலியுறுத்தியது. ஈராக்கிய அரசியல் தலைவர்கள் அதற்கு இணங்கவில்லை. அந்த டிசம்பரிலேயே படைகள் வெளியேறின. தங்கும் உரிமையும் தங்குபவரின் நிலையும் வெவ்வேறு கேள்விகள் என்று மேலே சொன்னேன். நடைமுறையில் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்காததால் முதல் கேள்வியே அடிபட்டுப்போகும் என்பதையும் இங்கே பார்க்கிறோம். பின்னர் 2014இல் ஐ.எஸ். இயக்கம் மோசுல் நகரைக் கைப்பற்றியபோது, ஈராக் அரசு உதவி கோரி பாதுகாப்புச் சபைக்குக் கடிதங்கள் எழுதியது. அந்த அழைப்பின் பேரில் அந்நியப் படைகள் மீண்டும் வந்தன. கைப்பற்றி ஆளுதல், பாதுகாப்புச் சபையின் அதிகாரம், எழுத்து மூலமான உடன்படிக்கை, அழைப்புக் கடிதம் என நான்கு நிலைகளையும் ஒரே மண் பார்த்துவிட்டது.

ஐ.நா. தீர்மானம் கட்டாயம் என்ற இரண்டாம் கருத்துக்கு நீண்ட விடை தேவையில்லை. உலகில் இன்று அந்நிய மண்ணில் இருக்கும் படைத்தளங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் எந்தத் தீர்மானமும் இல்லை; இரு நாடுகளின் உடன்பாடு மட்டுமே இருக்கிறது. ஜிபூட்டியில் பிரான்ஸ், அமெரிக்கா, ஜப்பான், சீனா ஆகிய நாடுகளின் தளங்கள் தனித்தனி உடன்பாடுகளின் பேரில் அருகருகே இருக்கின்றன. சம்மதம் இருக்கும் இடத்தில் தீர்மானம் தேவையில்லை. சம்மதம் இல்லாத இடத்தில் 7ஆம் அத்தியாயத்தின்கீழ் நிறைவேறும் தீர்மானம் மட்டுமே அதன் இடத்தை நிரப்பும். ஐ.நா.வின் சொந்த அமைதிப் படைகளும்கூட மரபாகவே இடமளிக்கும் நாட்டின் சம்மதத்தின்மேல்தான் நிற்கின்றன. 1956இல் எகிப்தில் நிறுத்தப்பட்ட ஐ.நா. அவசரகாலப் படையை 1967 மே மாதத்தில் எகிப்து திரும்பப் போகச் சொன்னது. அன்றைய பொதுச் செயலாளர் ஊ தாண்ட் அதற்கு இணங்கியதைப் பலர் கடுமையாகக் கண்டித்தார்கள். சில வாரங்களில் போரும் மூண்டது. அந்த விளைவு துயரமானதுதான். ஆயினும் சட்டத்தின் பார்வையில் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

சம்மதம் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று சொல்லிவிட்டால், எது சம்மதம் என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது. சர்வதேசச் சட்ட ஆணையம் 2001இல் இறுதிசெய்த அரசுப் பொறுப்பு விதிகளின் 20ஆம் பிரிவு, செல்லுபடியாகும் சம்மதம் இருக்கும்போது, அதன் எல்லைக்குள் நிகழும் செயல் சம்மதித்த நாட்டைப் பொறுத்தவரை சட்டவிரோதம் ஆகாது என்கிறது. செல்லுபடியாகும் என்ற சொல்லிலும் எல்லைக்குள் என்ற சொல்லிலும்தான் வழக்குகளெல்லாம் பிறக்கின்றன.

மிரட்டிப் பெற்ற சம்மதம் சம்மதம் ஆகாது. படைபல அச்சுறுத்தலால் செய்விக்கப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1969ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தச் சட்ட உடன்படிக்கை, 52ஆம் பிரிவில் கூறுகிறது. 1968 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் வார்சா ஒப்பந்த நாடுகளின் படைகள் நுழைந்தன. சோவியத் படைகள் அங்கே தற்காலிகமாகத் தங்குவதற்கான ஒப்பந்தம் அக்டோபர் 16 அன்றுதான் கையெழுத்தானது. டாங்கிகள் தலைநகரில் நிற்கும்போது ஓர் அரசு இடும் கையெழுத்தை நான் சம்மதமாகக் கருத மாட்டேன். தற்காலிகம் என்று பெயரிடப்பட்ட அந்தத் தங்கல் 1991 வரை நீடித்தது. ஆகவே எந்த ஆவணத்தைப் படித்தாலும் முதலில் அதன் தேதியைப் பாருங்கள். படை வந்த தேதியையும் பாருங்கள்.

சம்மதத்தை அளிப்பவர் அந்த நாட்டுக்காகப் பேச உரிமை பெற்றவராகவும் இருக்க வேண்டும். ஓர் அரசின் வேண்டுகோளின் பேரில் வெளிநாடு உதவலாம், அந்த அரசை எதிர்ப்பவர்களின் வேண்டுகோளின் பேரில் அவ்வாறு தலையிட முடியாது என்று நிகராகுவா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 1986இல் தெளிவுபடுத்தியது. ஆனால் அரசு எது என்பதே சர்ச்சைக்குரியதாகும்போது என்ன செய்வது? ஆட்சி மாறினால் பழைய அனுமதி செல்லுமா என்ற உங்கள் கேள்விக்குரிய இடம் இதுதான். பொது விதி எளிது: ஒப்பந்தம் செய்வது அரசு என்ற நிலையான அமைப்பு, அமைச்சரவை அன்று. எனவே ஆட்சி மாறுவதால் மட்டும் ஒப்பந்தம் முடிந்துவிடாது. புதிய ஆட்சி அதில் உள்ள வழிமுறைப்படிதான் அதை முடிக்க வேண்டும். சிக்கல் எழுவது சதிப்புரட்சியின்போது. நைஜரில் 2023 ஜூலையில் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம், ஆகஸ்டில் பிரான்ஸுடனான பாதுகாப்பு உடன்பாடுகளை ரத்து செய்தது. சட்டபூர்வ அதிபரால் மட்டுமே அவற்றை ரத்து செய்ய முடியும் என்று பிரான்ஸ் முதலில் மறுத்தது. கோட்பாட்டில் அது வலுவான வாதம். இருந்தும் நாட்டின் நிர்வாகம் முழுவதையும் கையில் வைத்திருக்கும் அதிகாரத்தின் விருப்பத்துக்கு மாறாக ஒரு படை நெடுநாள் தங்க முடியவில்லை. அந்த டிசம்பரிலேயே கடைசிப் பிரெஞ்சுப் படைவீரர்கள் வெளியேறினார்கள். சட்டபூர்வத் தன்மைக்கும் நடைமுறை ஆதிக்கத்துக்கும் இடையே எதற்கு எடை அதிகம் என்பதில் சர்வதேசச் சட்டம் இன்னும் உறுதியான விடையை எட்டவில்லை.

அடுத்து, சம்மதம் அளிக்கும் அரசின் சொந்த அரசியலமைப்பு. இந்தப் பகுதியைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. ஒரு நாட்டின் குடிமக்களுக்கு உண்மையான கட்டுப்பாடு இருக்கும் இடமே இதுதான் என்று நான் எண்ணுவதால், அதை அப்படிக் கடக்க எனக்கு மனமில்லை. பிலிப்பைன்ஸில் 1947ஆம் ஆண்டின் தள உடன்படிக்கை 1991இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் அந்நியத் தளங்களோ படைகளோ இருக்க வேண்டுமானால், செனட் இசைவு பெற்ற ஒப்பந்தம் வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 18ஆம் உறுப்பின் 25ஆம் பிரிவில் நிபந்தனை விதித்திருந்தது. சூபிக் கடற்படைத் தளத்தை மேலும் பத்தாண்டுகள் அமெரிக்காவுக்கு வழங்கும் புதிய ஒப்பந்தத்தை 1991 செப்டம்பர் 16 அன்று செனட் நிராகரித்தது. எதிராக 12 பேரும் ஆதரவாக 11 பேரும் வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் அமெரிக்கக் கடற்படை வெளியேறியது. 2014இல் செய்யப்பட்ட மேம்பட்ட பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கை செனட்டுக்குப் போகவே இல்லை. ஏற்கெனவே செனட் ஏற்ற ஒப்பந்தங்களை நடைமுறைப்படுத்தும் நிர்வாக உடன்படிக்கை மட்டுமே அது என்று உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மக்கள் பிரதிநிதிகளின் கண்முன் வர வேண்டியதை நிர்வாக ஏற்பாடு என்ற பெயரில் கடத்திவிடும் பாதையை அது அகலமாக்கிவிட்டது. கொலம்பியாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் எதிர்த்திசையில் சென்றது. 2009இல் அமெரிக்காவுடன் செய்த தள உடன்பாடு பழைய உடன்பாடுகளின் தொடர்ச்சியே என்ற அரசின் வாதத்தை ஏற்காமல், நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாத அதற்குச் செயல்வலு இல்லை என்று 2010 ஆகஸ்டில் முடிவு செய்தது. ஈக்குவடோர் 2008இல் ஏற்ற புதிய அரசியலமைப்பிலேயே அந்நியப் படைத்தளங்களுக்குத் தடை விதித்தது.

ஜப்பானில் நடந்த சுனகாவா வழக்கு வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. போர்ப் படையை வைத்திருக்க மாட்டோம் என்று சொல்லும் ஜப்பானிய அரசியலமைப்பின் 9ஆம் பிரிவுக்கு அமெரிக்கப் படைகளின் இருப்பு முரணானது என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 1959 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அந்த டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தடைசெய்யப்பட்டது ஜப்பானின் சொந்தப் போர்ப் படையே என்றும், இவ்வளவு அரசியல் தன்மை கொண்ட ஒப்பந்தத்தை வெளிப்படையான முரண்பாடு இருந்தாலொழிய நீதிமன்றம் ஆராயாது என்றும் அது கூறியது. உள்நாட்டுச் சட்டத்தை மீறி ஓர் அமைச்சர் கையெழுத்திட்டுவிட்டால் சர்வதேச அளவில் அந்த ஒப்பந்தம் செல்லுமா என்று நீங்கள் கேட்கக்கூடும். மீறல் வெளிப்படையானதாகவும், அடிப்படை முக்கியத்துவம் உள்ள விதியைச் சார்ந்ததாகவும் இருந்தால் மட்டுமே அந்தக் குறையைக் காட்டி விலக முடியும் என்பது வியன்னா உடன்படிக்கையின் 46ஆம் பிரிவு. பெரும்பாலான வேளைகளில் நாடு கட்டுப்பட்டேயிருக்கும்.

சம்மதத்தின் எல்லை என்பது காகிதச் சொல் அன்று. கிழக்குக் காங்கோவின் எல்லைப் பகுதியில் கிளர்ச்சியாளர்களை அடக்க உகாண்டாப் படைகள் இயங்குவதற்குக் காங்கோ ஜனநாயகக் குடியரசு சம்மதித்திருந்தது. 1998 ஆகஸ்டில் அந்தச் சம்மதம் திரும்பப் பெறப்பட்ட பின்னும் படைகள் வெளியேறாமல் இன்னும் உள்ளே முன்னேறின. 2005 டிசம்பரில் தீர்ப்பளித்த சர்வதேச நீதிமன்றம், அந்தச் சம்மதம் இடத்தாலும் நோக்கத்தாலும் வரையறுக்கப்பட்டது என்றும், எந்தச் சடங்குமின்றி எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறத்தக்கது என்றும் கூறி, உகாண்டா சட்டத்தை மீறியதாக முடிவு செய்தது. 2022இல் இழப்பீடாக 32.5 கோடி அமெரிக்க டாலரை அது விதித்தது. சம்மதத்தின் பேரில் வந்த படை நிபந்தனையை மீறிப் பயன்படுத்தப்படுவதும், உடன்பாடு முடிந்த பிறகும் தங்குவதும் ஆக்கிரமிப்புச் செயல்களாகும் என்று ஐ.நா. பொதுச் சபை 1974ஆம் ஆண்டின் 3314ஆம் எண் தீர்மானத்திலேயே வரையறுத்திருந்தது. விருந்தினராக நுழைந்த படை ஓரடிகூட நகராமல், நின்ற இடத்திலேயே ஆக்கிரமிப்பாளர் ஆகிவிட முடியும்.

அப்படியானால் போகச் சொன்னால் உடனே போக வேண்டுமா? வாய்மொழியாகவோ கடிதத்தின் மூலமோ கொடுத்த அனுமதி என்றால், காங்கோ வழக்கில் பார்த்தபடி அதை எந்நேரமும் திரும்பப் பெறலாம். படை பாதுகாப்பாக வெளியேறுவதற்குத் தேவையான நியாயமான காலம் மட்டும் கொடுக்கப்பட வேண்டும். ஒப்பந்தம் இருந்தால் அதில் எழுதியுள்ள முன்னறிவிப்புக் காலத்தை மதிக்க வேண்டும். நேட்டோ படைநிலை உடன்படிக்கையிலிருந்து விலக ஓராண்டு முன்னறிவிப்பு வேண்டும். ஜப்பானுடனான 1960ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தை, முதல் பத்தாண்டு முடிந்த பிறகு, எந்தத் தரப்பும் ஓராண்டு அறிவிப்புடன் முடிக்கலாம். 1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய-இலங்கை உடன்பாட்டின் பின்னிணைப்பில், இந்திய அமைதி காக்கும் படையை இலங்கை ஜனாதிபதி அழைக்கலாம் என்றுதான் எழுதப்பட்டிருந்தது. 1989 ஜூனில் புதிய ஜனாதிபதி படையைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்படி கோரியபோது, உடன்பாட்டின் மற்றக் கடமைகள் நிறைவேறாமல் வெளியேற முடியுமா என்ற வாதம் எழுந்தது. 1990 மார்ச் 24 அன்றுதான் கடைசிப் பிரிவு வெளியேறியது. அழைக்கும் அதிகாரம் ஜனாதிபதியிடம் விடப்பட்டிருக்கும்போது, அழைப்பை முடிக்கும் அதிகாரமும் அவரிடமே இருந்ததாகக் கொள்வதே அந்த வாசகத்துக்குப் பொருத்தமான பொருள் என்பது என் கருத்து.

குத்தகை பற்றிய மூன்றாம் கருத்தில் ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. குவாண்டனாமோ விரிகுடாவை 1903இல் கியூபா அமெரிக்காவுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. இரு தரப்பும் இசைந்தால் அல்லது அமெரிக்காவே கைவிட்டால் மட்டுமே குத்தகை முடியும் என்று 1934ஆம் ஆண்டின் ஒப்பந்தம் உறுதிசெய்தது. ஆண்டு வாடகை 4,085 டாலர். அந்தக் காசோலைகளை மாற்றாமல் வைத்திருப்பதன் மூலம் கியூப அரசு தன் மறுப்பைப் பல பத்தாண்டுகளாகத் தெரிவித்துவருகிறது. குத்தகையில் இறையாண்மை கைமாறுவதில்லை. 1903ஆம் ஆண்டின் உடன்பாடே கியூபாவின் இறுதி இறையாண்மையை ஒப்புக்கொள்கிறது. ஆனால் முடிவுத் தேதி இல்லாத ஒப்பந்தம் அந்த இறையாண்மையை வெறும் பெயரளவில் நிறுத்திவிடக்கூடியது. இதைச் சைப்ரஸில் உள்ள அக்ரோத்திரி, தெக்கேலியா தளங்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1960இல் சைப்ரஸ் சுதந்திரம் பெற்றபோது அந்தப் பகுதிகளைப் பிரிட்டன் தன் இறையாண்மையிலேயே வைத்துக்கொண்டது. அங்கே குத்தகையே இல்லை.

இறுதியாகக் குற்ற விசாரணை. அனுமதி பெற்று நுழைந்த அந்நியப் படை உள்ளூர் நீதிமன்றங்களின் அதிகாரத்துக்கு வெளியே நிற்கும் என்ற பழைய கருத்தை, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் 1812இல் ஒரு கப்பல் வழக்கில் எடுத்துரைத்தார். 1951ஆம் ஆண்டின் நேட்டோ உடன்படிக்கை அந்தக் கருத்தை விட்டு விலகி, இரு நாடுகளுக்கும் அதிகாரம் உண்டு, முன்னுரிமை மட்டும் பகிரப்படும் என்ற ஏற்பாட்டை 7ஆம் பிரிவில் கொண்டுவந்தது. கடமையின்போது செய்த குற்றங்களிலும், தம் படைக்கோ சக படைவீரருக்கோ எதிரான குற்றங்களிலும் அனுப்பும் நாட்டுக்கு முன்னுரிமை. மற்றவற்றில் இடமளிக்கும் நாட்டுக்கு. எனவே விடுமுறை இரவில் நகரத்தில் நடந்த கொலையை உள்ளூர் நீதிமன்றம் விசாரிக்கும். ஆனால் கடமை என்று யார் முடிவு செய்வது? 1957இல் ஜப்பானில் ஒரு பயிற்சித் திடலில் வெற்றுத் தோட்டா உறைகளைப் பொறுக்க வந்த ஒரு பெண்ணை அமெரிக்கப் படைவீரர் ஒருவர் சுட்டுக் கொன்றபோது இந்தக் கேள்வியே பெரும் நெருக்கடியானது. அமெரிக்கா விட்டுக்கொடுத்தது, அதை எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்ற வழக்கும் நிற்கவில்லை. ஜப்பானிய நீதிமன்றம் விசாரித்துத் தண்டனையை நிறுத்திவைத்தது. 1998 பிப்ரவரியில் இத்தாலியின் காவலேசே அருகே தாழப் பறந்த அமெரிக்கப் போர் விமானம் மலையில் பயணிகளை ஏற்றிச் செல்லும் தொங்கூர்தியின் கம்பிவடத்தை அறுத்து 20 பேர் இறந்தபோது அது மறுக்கமுடியாத கடமைப் பறத்தலாக இருந்தது. விமானியை அமெரிக்க இராணுவ நீதிமன்றம் விசாரித்து, மரணங்களுக்கான குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. சட்டத்தின் எழுத்துப்படி நடந்ததுதான். ஆனால் அந்தக் குடும்பங்களின் முன் நின்று அதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. இழப்பீட்டில் மட்டும் உடன்படிக்கை ஓரளவு துணை நின்றது: 8ஆம் பிரிவின்படி, அனுப்பும் நாடு மட்டுமே காரணமாக இருக்கும் சேதத்தில் 75 விழுக்காட்டை அது ஏற்கும், 25 விழுக்காட்டை இடமளிக்கும் நாடு ஏற்கும்.

உங்கள் ஆய்வுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. படைநிலை உடன்படிக்கையின் முதன்மை வாசகத்தை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். முன்னுரிமை உண்டு என்று ஒரு பிரிவு சொல்ல, அந்த முன்னுரிமையைப் பொதுவாகவே விட்டுக்கொடுப்பதாகத் துணை உடன்படிக்கை சொல்லும். 1959ஆம் ஆண்டின் ஜெர்மன் துணை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு அவ்வாறே செய்தது. ஜெர்மன் நீதி நிர்வாகத்தின் முக்கிய நலன் கோரினால் 21 நாள்களுக்குள் அந்த விட்டுக்கொடுத்தலைத் திரும்பப் பெறலாம் என்றும் சேர்த்தது. அது வெளிப்படையாக எழுதப்பட்டதால் ஜெர்மன் குடிமக்கள் படிக்கவும் எதிர்க்கவும் முடிந்தது. பேச்சுவார்த்தைக் குறிப்புகளிலும் பரிமாற்றக் கடிதங்களிலும் மறைந்திருப்பவைதான் கவலைக்குரியவை. ஒவ்வோர் ஒப்பந்தமும் ஐ.நா. செயலகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும், பதியாததை எந்த ஐ.நா. அமைப்பின் முன்பும் எடுத்துக்காட்ட முடியாது என்று சாசனத்தின் 102ஆம் பிரிவு கூறுகிறது. ஐ.நா. ஒப்பந்தத் தொகுப்பு இணையத்தில் எவரும் படிக்கத் திறந்திருக்கிறது. உங்கள் வகுப்பு விவாதத்துக்கு எடுத்துக்கொண்ட நாட்டின் பெயரை அதில் தேடி, தங்கும் அனுமதியைத் தரும் ஆவணம் எது, நிலையை வகுக்கும் ஆவணம் எது, முடிக்கும் விதி எதில் இருக்கிறது என்று மூன்றையும் தனித்தனியே குறித்து வைத்துக்கொண்டு மீண்டும் எழுதுங்கள். அந்த ஆவணங்களை முன்வைத்து மேலும் பேசலாம்.